தலைக்கு நேரே சூரியன்

சேலம் அஸ்தம்பட்டியில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேரே நிற்பது சித்திரைத் தொடக்கத்திலும், பலரும் கவனியாத ஆவணித் தொடக்கத்திலும் ஆதலால், கோடை விடுமுறையோடு வெயிலின் உபத்திரவம் தீர்ந்ததெனப் பெற்றோர் நிம்மதி கொள்வதற்கில்லை. தன் நிழல் தன் உயரத்தினும் குறுகியிருக்கும் நேரமே, அதாவது அந்நாட்களில் ஏறக்குறைய காலை 9:15 முதல் பிற்பகல் 3:20 வரை, வெயில் உக்கிரமான நேரம் என்று மாணவனுக்குச் சொல்லிவைத்து, விளையாட்டு வகுப்பை வேப்பமர நிழலுக்கு மாற்றுவது உசிதம். ஏற்காடு சாலையில் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைக்குக் காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற தொப்பியே உத்தமம்; கிரிக்கெட் தொப்பி பெரும்பாலும் அலங்காரந்தான். தண்ணீர் குடிக்க நினைவூட்டவென்று கேரளப் பள்ளிகளில் 2019-இல் பிரசித்தமான தண்ணீர் மணி அடித்தும் பாட்டிலைத் திறவாத பிள்ளைகள் உண்டு. ஆகையால் மாலையில் பையிலிருந்து அதை எடுத்துக் குலுக்கிப் பாருங்கள்.