நாட்டிலஸும் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியும்

நம் விலங்கியல் துறையின் கண்ணாடி அலமாரியில், இரு கூறாக அறுக்கப்பட்ட சுருள் ஓடு ஒன்று இருப்பதை மாணவ நண்பர்கள் கண்டிருப்பர். வெளியே செம்பழுப்பு வரிகள். உள்ளே முத்தின் பளபளப்பு. நடுவை நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்லும் அறைகள். அதுவே நாட்டிலஸ். முதலாண்டில் அதைப் பார்த்த நாள்முதல், உயிருள்ள ஒன்றை வீட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. அருப்புக்கோட்டைக்காரனுக்கு இது சற்றுப் பேராசைதான். திருச்சுழிப் பக்கம் போனால் கிணற்று நீரே உப்புக் கரிக்கிறது. ஆனால் கடல் மட்டும் இல்லை!

நாட்டிலஸ், கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான தலைக்காலி வகுப்பைச் சேர்ந்தது. அவ்வுறவினர் வெளியோட்டைத் துறந்துவிட, இது மட்டும் இன்றளவும் சுமந்து திரிகிறது. ஒட்டுறிஞ்சிகள் இல்லாத ஏறத்தாழ தொண்ணூறு உணர்நீட்சிகள் இதற்கு உண்டு. கண்ணில் லென்ஸ் இல்லை. ஊசித்துளைக் காமிரா போன்ற ஒரு துளைதான். இதே போல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தன. சாளக்கிராமத்தில் நாம் காணும் சக்கரச் சுருள் அம்மோனைட்டின் பதிவே. நம் அரியலூர்ப் பகுதிப் பாறைகளிலும் அவை ஏராளம்.

இனி, ஓட்டின் அறைகளுக்கு வருவோம். விலங்கு குடியிருப்பது கடைசிப் பெரிய அறையில் மட்டுமே. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது. அவ்வாறு பிறக்கும் புதிய அறையில் முதலில் நீர்தான் நிறைந்திருக்கும். அதை எவ்வாறு வெளியேற்றுகிறது? காற்றை ஊதித் தள்ளுகிறது என்றே நானும் எண்ணியிருந்தேன். அது தவறு. எல்லாச் சுவர்களையும் துளைத்துச் செல்லும் மெல்லிய குழல் ஒன்று உண்டு. அதிலுள்ள உயிர்த்திசு, அறைநீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் சவ்வூடு பரவல் முறையில் குழலுக்குள் வந்துவிடுகிறது. காலியான இடத்தில் பிறகு மெல்ல வாயு சேர்கிறது. 1966இல் டென்டன், கில்பின்-பிரவுன் ஆகிய இருவரும் இதை விளக்கினர். ஜூல்ஸ் வெர்ன் தம் கதையின் நீர்மூழ்கிக்கு இவ்விலங்கின் பெயரைச் சூட்டினார். ஆனால் நீர்மூழ்கிகள் அழுத்தக் காற்றால் நீரைத் தள்ளுகின்றன. நாட்டிலஸின் வழி அதைவிட அமைதியானது, மிக மெதுவானது.

உப்பின் பின்னே நீர் போகும் என்பதைப் புத்தகத்தில் படித்தேன். நீர் போனாலும் உப்பு போகாது என்பதை வீட்டில் படித்தேன். நாட்டிலஸுக்கு முன்னோட்டமாக, சென்ற கோடை விடுமுறையில் தூத்துக்குடியிலிருந்து கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து, 54 லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஊற்றினேன். மீனவ அண்ணன் ஒருவர் கொடுத்த இரண்டு சிறு மீன்களையும், சங்குக்குள் குடியிருக்கும் நான்கு நண்டுகளையும் விட்டேன். நம்மூர்க் காற்றில் நாளொன்றுக்கு அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நீர்மட்டம் இறங்கியது. ஐந்தே நாளில் 9 லிட்டர் மாயம். குறைந்ததை ஈடுசெய்ய மீதமிருந்த கடல்நீரையே ஊற்றினேன். என் பிழை அங்குதான். ஆவியானது வெறும் நீர். நான் சேர்த்ததோ உப்பும் நீரும். லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு அப்பொழுதே ஏறத்தாழ 41 ஆகிவிட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்ததும் பதறி, அடுக்களைக்கு ஓடி ஒரு குடத்தைத் தூக்கினேன்.

"ஏய்யா, குடிக்கிற தண்ணியக் கொண்டுபோயி உப்புத் தண்ணியில ஊத்துறியே, இது ஞாயமா?" என்றார் அம்மா. அந்தக் குடத்துக்காக அவர் காலையில் வெயிலில் நின்றிருந்தார். என்னிடம் பதில் இல்லை, குடத்தை வைத்துவிட்டேன். தொட்டி நீரின் வெப்பம் 34 பாகையைத் தொட்ட மறுநாள் மீன்கள் இரண்டும் மிதந்தன. நண்டுகள் மேலும் மூன்று நாள் தாக்குப்பிடித்தன.

கரையோர மீனுக்கே இக்கதி என்றால் நாட்டிலஸின் நிலை என்ன? அது பகலை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்து இருளில் கழிப்பது. நீர் 25 பாகையைத் தாண்டினால் நெடுநாள் பிழைக்காது. மண்பானை உத்தியாக ஈரத்துணி சுற்றிக் குளிர்விக்கலாமே எனத் தோழன் ஒருவன் கேட்டான். தொட்டிக்கு வெளியே சுற்றினாலும் நனைக்க நாள்தோறும் நல்ல நீர் வேண்டும்; மீண்டும் அம்மாவின் குடம்தான். குளிர்விக்கும் இயந்திரமோ இரவு பகலாக ஓடவேண்டும்.

பெரிய நிலையங்களே இதில் திணறியுள்ளன. ஹவாய்த் தீவுகளின் வைக்கிக்கி மீன் காட்சியகத்தில் 1985இல் முட்டையிலிருந்து குஞ்சு வெளிவந்தது பெருஞ்செய்தியாயிற்று. முட்டை பொரிக்கவே ஏறக்குறைய ஓராண்டு ஆகும். குஞ்சு பருவமடையப் பத்துப் பதினைந்து ஆண்டுகள். ஓராண்டு ஈராண்டில் வாழ்வை முடிக்கும் ஆக்டோபஸ் போன்றதன்று இது. அழகுப்பொருளாக விற்கும் ஓட்டுக்காகப் பிடிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் ஈடு வர அத்தனை காலம் வேண்டும். ஆதலால் நம் நாட்டில் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தனர். 2016இல் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. சட்டம் பற்றி நான் அறிந்தது தொட்டி காலியான பிறகே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டியில் இப்பொழுது அம்மா துவரம்பருப்பு கொட்டி வைத்திருக்கிறார். நான் அலமாரி ஓட்டின் அறைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். முதன்முறை 29, அடுத்த முறை 31. நடுவிலுள்ளவை மிகச் சிறியவை. எண்ணப் போகிறவர்கள் ஆய்வகத்திலிருந்து கைலென்ஸ் கேட்டு வாங்கிக்கொள்க.