தேய்ந்த கியர் குமிழும் திருகு அளவியும்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் ‘அளவீடு’. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்தி வருகிறேன். திருகு அளவி வரும்போது கரும்பலகையில் எழுத வேண்டியவை எனக்கு மனப்பாடம். புரிக்கோல் நகர்ந்த தொலைவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் புரியிடைத் தூரம். அதைத் தலைக்கோல் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மீச்சிற்றளவு. 1 மி.மீ.யை 100 ஆல் வகுத்து 0.01 மி.மீ. என்று மாணவர்களும் பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஆனால் ‘புரி’ என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியைக் கலைத்தது ஒரு பழைய காரின் கியர் குமிழ். பாடம் அதிலிருந்து எப்படி வந்தது, வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுபோனேன் என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கையோடு வந்த குமிழ்

என்னுடையது பழைய சிறிய கார். அஞ்சுகிராமத்தில் கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. கியர் கம்பியின் உச்சியில் இருக்கும் குமிழை, பட்டறையில் ‘கியர் நாப்’ என்று சொல்வார்கள். பல ஆண்டுகள் வெயிலும் கை வியர்வையும் பட்டு அதன் மேற்புறம் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஒன்று முதல் ஐந்து வரையான எண்கள் அழிந்துவிட்டன. உள்ளேயிருந்த பிளாஸ்டிக் புரியும் தேய்ந்து, குமிழ் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒருநாள் காலை சந்திப்பில் திரும்பி, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு இழுத்தபோது குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது. நல்லவேளையாக எதிரே பேருந்து எதுவும் வரவில்லை.

அன்று மாலையே புதிய குமிழ் வாங்கினேன். பளபளக்கும் உலோகத்தில், விளையாட்டுக் கார்களில் இருப்பதைப் போன்றது. ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று சொல்லித்தான் தந்தார்கள். மறுநாள் உணவு இடைவேளையில் பள்ளி வளாகத்தில் வண்டியை நிறுத்தி அதை மாட்டத் தொடங்கினேன். இரண்டு சுற்று போனது, பிறகு இறுகிக்கொண்டது. துணியைச் சுற்றிக் குறட்டால் பிடித்துத் திருக முயன்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சாரே, முறுக்காதீங்க. மரை வேற மாதிரி கெடக்கு. இன்னும் முறுக்கினா கம்பியில உள்ள மரையும் போயிரும்.”

என் ஒன்பதாம் வகுப்பு மாணவன்தான். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். முந்தைய வாரம் திருகு அளவிக் கணக்கில் அவனுக்கு நான் போட்டிருந்த மதிப்பெண் சுழியம்.

“உனக்கு எப்படித் தெரியும் மக்கா?” என்றேன்.

“ரெண்டு சுத்துலயே புடிக்குல்லா. செரியான மரைன்னா வெரலாலயே அஞ்சாறு சுத்து போவணும். மாமா பட்டறையில பாத்திருக்கேன்.”

குமிழைக் கழற்றி வாங்கிக்கொண்டான். கம்பியின் புரியில் ஒரு தாளைச் சுற்றி விரலால் அழுத்தித் தேய்த்தான். தாளில் வரிவரியாகப் பதிவு விழுந்தது. “இது நெருக்கம், குமிழு அகலம். ஒரு சுத்துக்கு எறங்குறது வேற வேற சாரே” என்றான்.

ஒரு சுற்றுக்கு இறங்கும் தொலைவு: புரியிடைத் தூரத்துக்கு இதைவிட நல்ல வரையறையை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவனுக்குத் தெரியாமலிருந்தது கருத்து அன்று. அதற்குப் பாடநூல் வைத்திருந்த பெயர். பட்டறை ‘மரை’ என்கிறது, புத்தகம் ‘புரி’ என்கிறது. நடுவே பாலம் போட வேண்டிய ஆள் நான்தான். அதை நான் செய்யவில்லை.

செயல்பாடு 1: தாளில் விழுந்த புரி

மறுநாள் கார் தேவைப்படவில்லை. 10 மி.மீ. தடிமனுள்ள இரண்டு வகை போல்ட்டுகளும் அவற்றுக்குரிய நட்டுகளும் போதுமானவையாக இருந்தன. அகலப் புரி போல்ட் சாதாரண இரும்புக் கடையிலேயே கிடைத்தது. நெருக்கப் புரியை வாகன உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்கினேன்.

ஒவ்வொரு குழுவும் போல்ட்டின் மீது தாளை வைத்து அழுத்தித் தேய்த்தது. ஒரே ஓர் இடைவெளியை அளவுகோலால் அளக்க முயன்றவர்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு மி.மீ. என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுக்கச் சொன்னேன். ஒரு போல்ட்டுக்கு 15 மி.மீ., மற்றதற்கு 12.5 மி.மீ. வந்தது. ஆக, புரியிடைத் தூரங்கள் 1.5 மி.மீ., 1.25 மி.மீ. புத்தகத்தின் நூறு தாள்களை அளந்து ஒரு தாளின் தடிமனைக் காணும் அதே முறைதான் இது.

அடுத்து, வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்தோம். 9.8 மி.மீ. வந்தது. “பத்துன்னு சொன்னீங்களே சாரே?” என்ற கேள்வி எழுந்தது. நட்டுக்குள் எளிதாகச் சுழல வேண்டும் என்பதற்காக போல்ட்டின் வெளிவிட்டத்தைப் பெயரளவைவிடச் சற்றே குறைத்துத்தான் செய்வார்கள். பெயரளவு வேறு, உண்மை அளவு வேறு என்பதையும் குழந்தைகள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

இதை ஒரு கணக்காகவும் கொடுத்தேன். கம்பியின் புரியிடைத் தூரம் 1.25 மி.மீ., குமிழின் புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. எனில் ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. வேறுபாடு. இரண்டு சுற்றில் அரை மி.மீ., நான்கு சுற்றில் 1 மி.மீ. புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிகின்றன. அதன் பிறகும் வலுவாகத் திருகினால் மென்மையான உலோகத்தின் புரி அறுந்துபோகும். ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்ற பேச்சு ஏன் பொய்த்தது என்பதை மாணவர்களே சொன்னார்கள். அப்படி விற்கப்படும் குமிழ்களில் பலவற்றுக்கு, வெவ்வேறு புரிகளுக்கான சிறு உள்குழல்கள் தனியே வரும். பொருத்தமானதைத் தேர்ந்து மாட்ட வேண்டும்.

ஜப்பானிய வண்டிகளிலேயே இந்த வேறுபாடு உண்டு. மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரின் கியர் கம்பி 10 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரியிடைத் தூரமும் உடையது. ஹோண்டா கார்களில் பெரும்பாலும் அதே விட்டத்துக்கு 1.5 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அளந்தால்தான் வேறுபாடு புரியும்.

செயல்பாடு 2: நீளமும் விசையும்

கியர் கம்பி ஒரு நெம்புகோல். அதன் ஆதாரப்புள்ளி கம்பியின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ஒரு மீட்டர் அளவுகோலையும் பென்சிலையும் கொண்டே இதைக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, ஆதாரப்புள்ளிக்கு மேலே 30 செ.மீ., கீழே 6 செ.மீ. எனக் கொள்வோம். கை 15 செ.மீ. நகர்ந்தால் அடிமுனை 3 செ.மீ. நகரும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால் விசை ஐந்து மடங்காகும்.

விளையாட்டுக் கார்களில் கம்பியைக் குட்டையாக வைப்பார்கள். கை நகர வேண்டிய தொலைவு குறையும், கியர் விரைவாக மாறும். அதற்கு விலையாகக் கை கொடுக்க வேண்டிய விசை கூடும். தொலைவில் மிச்சம் பிடித்தால் விசையில் செலவு செய்தாக வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

செயல்பாடு 3: மரமா, உலோகமா?

‘குமிழை எதனால் செய்யலாம்?’ என்று கேட்டு விவாதிக்கவிட்டேன். 1970, 1971 ஆண்டுகளில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற போர்ஷே 917 காரில், எடையைக் குறைப்பதற்காகக் கியர் குமிழைப் பால்சா என்னும் மிக இலேசான மரத்தால் செய்தார்கள். பின்னாளில் வந்த அதே நிறுவனத்தின் கரேரா ஜிடி காரிலும் அதன் நினைவாக மரக் குமிழே வைக்கப்பட்டது. வேறு சிலர் கனமான உலோகக் குமிழை விரும்புவார்கள். நிறை கூடினால் நிலைமம் கூடும். நகரத் தொடங்கிய குமிழ் தன் போக்கிலேயே சென்று கியரில் விழ உதவும். இலேசானதற்கும் கனமானதற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒரே விடை இல்லாத இத்தகைய கேள்விக்குத்தான் பின்வரிசை மாணவர்களும் வாய் திறந்தார்கள்.

நம் ஊர் வெயிலுக்கு எது ஏற்றது என்று பார்க்க, இரும்பு அளவுகோலையும் மர அளவுகோலையும் ஒரே நேரம் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்த்தோம். இரும்புதான் சுட்டது. உலோகம் வெப்பத்தை விரைந்து கைக்குக் கடத்துவதே இதற்குக் காரணம் என்று விளக்கினேன். (நண்பகல் வெயிலில் அதிக நேரம் வைத்துவிட வேண்டாம், விரல் சுட்டுவிடும்.)

ஒரு சிறு வரலாறு

ஒருவர் செய்த போல்ட் இன்னொருவர் செய்த நட்டுக்குச் சேராத காலம் இருந்தது. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், திருகுப் புரிக்குப் பொதுவான அளவு ஒன்றை முன்வைத்தார். அதன் புரிக்கோணம் 55 பாகை. அமெரிக்காவில் 60 பாகை நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் இயந்திரப் பாகங்கள் ஒன்றுக்கொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் ஒரே அங்குலப் புரிக்கு உடன்பட்டன.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அது பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டு. அந்த அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962இல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரை உருவாக்கினார்கள். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்தவை அங்குலத் திருகுகள். மூன்றில் எட்டு அங்குலம் என்று மாணவர்கள் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது; எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மி.மீ. அதை 10 மி.மீ. குமிழில் நுழைத்தால் உள்ளே போகும், ஆனால் ஆடும். ‘ஏறத்தாழச் சேர்கிறது’ என்பது ‘சேரவே இல்லை’ என்பதைவிட ஆபத்தானது. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான எடை, அளவுச் சட்டம் வந்தது 1956இல். சமூக அறிவியல் ஆசிரியரும் இந்த இடத்தில் வகுப்புக்குள் வரலாம்.

குமிழை மாற்றும் முறை

ஆசிரியர்கள் பலரும் கேட்டதால் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கை பிரேக்கைப் போடவும்.
2. குமிழ் எப்படிப் பொருத்தப்பட்டுள்ளது என்று முதலில் பார்க்கவும். சிலவற்றில் புரி, சிலவற்றில் பக்கவாட்டுச் சிறு திருகு, சிலவற்றில் அழுத்திப் பொருத்தும் முறை. பின்னோக்கிச் செல்லும் கியருக்கான வளையம் இருந்தால் அதற்கேற்ற குமிழே வேண்டும்.
3. புரி வகையென்றால் இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றவும். இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைக்கவும்.
4. கம்பியின் புரியைத் தூரிகையால் துடைத்து, விட்டத்தையும் புரியிடைத் தூரத்தையும் அளக்கவும். அளந்த பிறகே கடைக்குப் போகவும்.
5. புதிய குமிழை வைத்து முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுற்றவும். ‘டக்’ என்று புரியின் முனை விழுந்ததும் வலஞ்சுழியாக, விரலால் மட்டும் திருகவும்.
6. எண்கள் நேராக நிற்கும் நிலையில் அடியிலுள்ள பூட்டு நட்டைக் குமிழோடு இறுக்கவும்.
7. வண்டி நிற்கும்போதே கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பார்க்கவும்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வுக்கு முன் ஒரு கைத்தேர்வு வைத்தேன். கலந்து கிடக்கும் போல்ட், நட்டுகளில் சரியான இணைகளைக் கண்டுபிடித்து, ஏன் சேர்கிறது அல்லது சேரவில்லை என்று அளவுகளோடு சொல்ல வேண்டும். நன்றாக எழுதும் சிலர் இதில் தடுமாறினார்கள். எழுதத் தயங்கும் சிலர் முந்திக்கொண்டார்கள். பிறகு இரு சாராரையும் இணைத்துக் குழுக்களை அமைத்தேன். ஒருவர் அளந்தார், மற்றவர் எழுதினார், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள்.

அந்த மாணவன் எல்லா இணைகளையும் விரலால் தடவியே கண்டுபிடித்தான். திருகு அளவியைக் கையில் கொடுத்து, “இதன் மரையைப் பார்” என்றேன். தலைக்கோலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரு சுத்துக்கு ஒரு மில்லி எறங்குது. சுத்த நூறாப் பிரிச்சிருக்கு. அப்ப ஒரு கோட்டுக்கு நூறுல ஒண்ணு... இவ்வளவுதானா சாரே?” என்றான். மீச்சிற்றளவை நான் சொல்லித் தராமலே அவன் கண்டுபிடித்துவிட்டான். பழைய சுழியத்தை அடித்துத் திருத்தினேன்.

ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பட்டறைக்கே போய்விடலாம் என்று அவன் வீட்டில் பேச்சு இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் மாமாவைச் சந்தித்தேன். “அண்ணாச்சி, இவன் கைக்கு வேலை தெரியும். பத்தாவது முடித்தால் பாலிடெக்னிக்கில் சேரலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவும் இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் இரண்டும் அரசு நிறுவனங்களாகவே இருக்கின்றன” என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. “பாக்கலாம் சாரே” என்றார். அந்தப் ‘பாக்கலாம்’ இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மாணவன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான், வாரத்தில் ஐந்து நாளும் வருகிறான்.

கழற்றிய பழைய குமிழ் என் மேசையில் இருக்கிறது. ஒரு பிள்ளை விடை சொல்லாமல் நிற்கும்போது அதைப் பார்த்துக்கொள்கிறேன். குறட்டை எடுப்பதற்கு முன், சற்றே பின்னால் சுற்றி, எந்த இடத்தில் புரி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.