அப்பாவின் தேநீருக்கு எந்த இனிப்பு?

கேள்வி: அப்பாவுக்கு இனிப்பு நீர். தேநீரில் செயற்கை இனிப்பு மாத்திரை போட்டுக் குடிக்கிறார். அதை விட்டுச் சீனித்துளசிக்கோ குலா மெலாக்காவுக்கோ மாறலாமா?
– ஒரு வாசகி, மேரு, கிள்ளான்

பதில்: குலா மெலாக்கா வேண்டாம். தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி இறுக வைத்தது அது. மணமும் நிறமும் ஆளை இழுக்கும். உள்ளே பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது கடைச் சீனியில் இருக்கும் அதே பொருள். கருப்பட்டிக்கும் இதே கணக்குதான்.

சீனித்துளசி வேறு வகை. பராகுவேயின் குவரானி மக்கள் காலங்காலமாகப் பானங்களில் சேர்த்துவந்த இலை இது. ஜப்பானில் 1970களிலேயே இதன் சாறு உணவுப் பொருள்களுக்குள் வந்துவிட்டது. ஓர் இலையைக் கிள்ளி மென்றால் முதலில் நாக்கெல்லாம் தித்திப்பு. பின்னாலேயே அதிமதுரம் சுவைத்தது போல ஒரு கசப்பு தொண்டையில் நிற்கும். அந்த இனிப்புக்குக் காரணமான ஸ்டீவியோல் கிளைகோசைடுகள் சீனியைப்போல 200 முதல் 300 மடங்கு இனிப்பானவை. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2008இல் இதற்கு அன்றாட உச்ச அளவை நிர்ணயித்தது. ஆனால், அது சுத்திகரித்த சாற்றுக்குத்தான். தொட்டியில் பறித்த இலைக்கு அல்ல.

கவனிக்க வேண்டியது பொட்டலத்தை. இத்தனை இனிப்பான தூளைக் கரண்டியால் அள்ளிப் போட முடியாது என்பதால் எரித்ரிட்டோலோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்து விற்கிறார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்திலிருந்து வருவது, சர்க்கரையை ஏற்றிவிடும். முன்பக்கத்தில் பச்சை இலைப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பின்பக்கப் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். சீன மருந்துக்கடை லோ ஹான் குவோ பழத்தின் இனிப்பும் சர்க்கரையை ஏற்றாததே. ஆனால், கடையில் காய்ச்சி விற்கும் பானத்தில் கற்கண்டு போட்டிருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரையைக் கண்டு பதற வேண்டாம். இத்தகைய மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் அஸ்பார்டேம் பற்றி 2023இல் எழுந்த புற்றுநோய்ப் பேச்சுக்குப் பிறகும், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. அதே ஆண்டு மே மாதம், உடல் எடையைக் குறைக்க இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னபோது சீனித்துளசியையும் அதில் சேர்த்தே சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பரிந்துரை பொருந்தாது.

அப்பாவின் தேநீரில் கட்டிப்பால் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் ஏறக்குறையப் பாதி சீனி. அதை ஊற்றிவிட்டு மாத்திரையை மாற்றிப் பயனில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்ததும், பாலும் சீனியும் சேராத ‘தே ஓ கோசோங்’ என்று கேட்க அவரைப் பழக்குங்கள்.