ஆடுபுலி ஆட்டமும் போர்க்களப் பலகையும்

போரைப் பலகையில் ஆடிப் பார்க்கும் வழக்கம் நெடுநாளையது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இந்நாட்டில் தோன்றிப் பாரசீகம் வழியாக உலகெங்கும் பரவியதை யாவரும் அறிவர். ஆனால் சதுரங்கத்தில் இரு தரப்பும் சமம். மெய்யான போரில் அவ்வாறு அமைவது அரிது. ஒரு பக்கம் பீரங்கி இருக்கும். மறுபக்கம் வேலும் வல்லயமும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வையே ஆட்டமாக்கிய பலகை ஒன்று நம் கரிசல் மண்ணில் உண்டு. அது ஆடுபுலி ஆட்டம்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பெரியவர்கள் சிலரிடம் இவ்வாட்டம் பற்றிக் கேட்டறிந்தேன். கேள்வி ஒன்று கேட்டால் பதில் பத்து வந்தது! பட்டாசுத் தொழிலுக்கு வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க வழியில்லை, வேலையும் இல்லை. அந்த நாட்களில்தான் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழிப்பார்களாம். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. அதுவும் அகப்படாவிட்டால் ஒடித்த தீக்குச்சி. ஆடுபவர் இருவர், யோசனை சொல்பவர் இருபது பேர் என்று சிரித்தார் ஒரு தாத்தா. அவர் ஆடிய பலகைகளுள் ஒன்று கோயில் மண்டபத்துக் கல்தளத்தில் யாரோ உளியால் செதுக்கியது. இப்போது அதன்மேல் பளபளக்கும் புதுக்கல் பாவிவிட்டார்கள். பலகை அடியில் இருக்கிறது, பார்க்கத்தான் முடியாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பலகையின் அமைப்பைக் காண்போம். உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து அடிக்கோட்டைத் தொடும். இடையே மூன்று கிடைக்கோடுகள் அவற்றை வெட்டி இருபுறமும் நீளும். அவற்றின் நுனிகளைச் செங்குத்துக் கோடுகள் இணைக்கும். ஆக 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. உச்சியில் ஒரு புலியும் அதன்கீழ் இரு புலிகளும் முதலிலேயே உட்கார்ந்துவிடும். ஆடுகளோ ஒவ்வொன்றாகத்தான் களமிறங்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் காலியாக உள்ள புள்ளியில் குதித்தால் ஆடு போயிற்று.

ஆடு புலியைக் கொல்லவே முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். நகரவிடாமல் அடைக்கலாம், அவ்வளவுதான். இரு தரப்புக்கும் பலம் வேறு, விதி வேறு, வெற்றியின் பொருளும் வேறு. கோடுகள் முடிகின்ற மூலைகளில் ஆட்டைத் தாண்ட இயலாது. அடிக்கோட்டு மூலைகள் இரண்டும் பக்கவாட்டு மூலைகள் நான்கும் இத்தகைய இடங்கள். தேர்ந்த ஆட்டக்காரர் முதல் ஆடுகளை அங்கேதான் வைப்பார். அதன்பின் எந்த ஆட்டுக்கும் முதுகுக்குப் பின்னால் இன்னோர் ஆட்டை நிறுத்துவார். ஓர் ஆடும் இழக்காமல் பதினைந்தையும் இறக்கிவிட்டால் பலகையில் ஐந்தே புள்ளிகள் காலி. புலிக்கு மூச்சு முட்டத் தொடங்கும். நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு கொண்டு ஆடப்படும் ‘பாக்சால்’ இதற்கு உறவுக்காரன்.

மேலைநாடுகளில் இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. பிரஷ்யப் படையின் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் தந்தை தொடங்கியதைச் செம்மைப்படுத்தி, நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றோடு கூடிய போர் விளையாட்டை 1824இல் வெளியிட்டார். அது படை அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. பொதுமக்களிடம் அதைக் கொண்டுசென்றவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ். அவர் 1954இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் அவருடைய அவலான் ஹில் நிறுவனம், 1863ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போர்க்களம் ஒன்றை வைத்து 1958இல் ‘கெட்டிஸ்பர்க்’ வெளியிட்டது. கட்டங்கள், எண் அச்சிட்ட அட்டைச் சில்லுகள், பக்கம் பக்கமாக விதிகள்! இளமையில் அவற்றை ஆடியவர்கள், சாப்பாட்டு மேசையை நாட்கணக்கில் பிடித்துக்கொண்டு வீட்டாரிடம் வசை வாங்கியதை இன்றும் ஆசையோடு நினைவுகூர்வார்கள். நம் திண்ணைத் தாத்தாவுக்கும் அவர்களுக்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இனி நம் பக்கத்துப் போர் ஒன்று. சாத்தூருக்குத் தெற்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்தது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, சில நாட்களிலேயே மண்கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31இல் மெக்காலே நடத்திய தாக்குதல் பெருஞ்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. மே 24இல்தான் அக்னியூவின் படை கோட்டையைப் பிடித்தது. ஊமைத்துரை சிவகங்கைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபரில் மருதிருவரும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர்.

இப்போரை நானும் வகுப்புத் தோழர் இருவரும் வரைபடத் தாளில் அறுகோணம் கீறி ஆட்டமாக அமைத்திருக்கிறோம். படைகளுக்கு இருநிறத் தீக்குச்சிகள். கோட்டையைப் பிடித்தவர் வென்றவர் என்று விதி வைத்தால், பீரங்கி உடையவனே எப்போதும் வெல்வான், ஆட நாதியிராது. ஆகவே ஆடுபுலியின் நியாயத்தைக் கடன் வாங்கினோம். கும்பினி கோட்டையைப் பிடித்தாக வேண்டும். ஊமைத்துரைக்கோ கோட்டையில் நிலைத்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு புள்ளி. சிவகங்கைக்குத் தப்பிச் செல்லும் ஒவ்வொரு படைக்கும் இரண்டு. இப்படி ஆடும்போது, பாடநூலில் ஒரே வரியில் ‘கோட்டை வீழ்ந்தது’ என்று முடியும் செய்திக்குள் எத்தனை முடிவுகள் அடங்கியுள்ளன என்பது விரல் நுனியில் தெரிகிறது. எந்த வாரம் வெளியேறுவது என்பதே பெரிய சிக்கல். முந்தினால் புள்ளி குறையும். பிந்தினால் வழி அடைபடும்.

மருது படையின் உதவிக்கு எத்தனை குச்சி கொடுப்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பேராசிரியர்கள் தீர்ப்புச் சொன்னால் ஏற்றுக்கொள்வோம். ஆடிப் பார்க்க விரும்பும் நண்பர்கள் மாலையில் விடுதி வராந்தாவுக்கு வரலாம். தீப்பெட்டி கொண்டுவந்தால் நலம்.