சாத்தேயும் சதையும்

வெளிநாட்டில் தனியாகப் பயணம் செய்பவருக்கு இரவு உணவு சில வேளைகளில் ஒரு சிக்கலாகிவிடும். முழு மீனோ ஒரு சட்டிக் கறியோ கேட்டால் ஒருவரால் உண்டு முடிக்க இயலாது. பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு வருபவருக்குச் சாத்தே இந்தக் கவலையை வைப்பதில்லை. அது குச்சிக் கணக்கில் விற்கப்படுகிறது. முதலில் பத்துக் குச்சி. பசி அடங்காவிட்டால் இன்னும் சில. அங்காடிக் கடைகளில் கூட்டம் மிகுந்தால் முன்பின் அறியாதவர்களும் ஒரே மேசையில் அமர்வார்கள். ஆகவே, தனியாக உண்பவரை எவரும் வியப்போடு பார்ப்பதில்லை.

ஆயாம் என்றால் கோழி, லெம்பு என்றால் மாடு, கம்பிங் என்றால் ஆடு. இந்த மூன்று மலாய்ச் சொற்களைத் தெரிந்துகொண்டால் வேண்டாததைத் தவிர்க்கலாம். சில சீனர் கடைகளில் பன்றி இறைச்சியும் உண்டு என்பதால், முஸ்லிம்கள் ஹலால் கடையா என்று பார்த்தே அமர்வார்கள்.

சிறு துண்டுகளாக நறுக்கிய இறைச்சியை மஞ்சள், கொத்தமல்லி விதை, சீரகம், செராய், வெங்காயம், சர்க்கரை ஆகியவற்றில் ஊறவைத்துக் குச்சியில் கோப்பார்கள். கரி நெருப்பை விசிறிக்கொண்டே, நுனி நசுக்கிய செராய்த் தண்டால் எண்ணெய் தடவுவார்கள். கொழுப்பு கனலில் சொட்டி எழும் புகையே பாதிச் சுவை. தொட்டுக்கொள்ளக் கச்சான் குழம்பு. உடன் வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம், கெத்துப்பாட். அந்தக் கச்சானும் குழம்பிலுள்ள மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை.

இனி, பெயருக்கு வருவோம். ஹொக்கியன் மொழியில் 'மூன்று துண்டு' எனப் பொருள்படும் தொடரே சாத்தே ஆனது என்பர் சிலர். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால், எல்லாக் குச்சியிலும் மூன்று துண்டுகள் இருப்பதில்லை. 'சதை' என்னும் தமிழ்ச் சொல்லே இதன் மூலமாகலாம் என்று கருதுவோரும் உள்ளனர். ஒலியும் பொருளும் பொருந்துவதால் இதற்கு வலு கூடுதல். எனினும், இவ்வுணவு வளர்ந்த இடமாகச் சொல்லப்படுவது ஜாவா. சொல் ஒரு கப்பலிலும் சமையல் வேறொரு கப்பலிலும் வந்திருக்கலாம் அல்லவா?

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் துறைமுகம் அமைத்தபின், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்குப் பெருமளவில் குடியேறினர். சூலியா தெரு அவர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. தமிழகத்திலிருந்து வரும் பயணி, பெயர்ப் பலகையில் 'சாத்தே' என்பதை வாய்விட்டுப் படித்தாலே போதும், பழகிய சொல்லொன்று காதில் விழும்.