கோலுக்கு இரண்டு பாஸ் முன்னால்

அன்புள்ள கதிரவனுக்கு,

போன வாரம் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நீ கேட்டது இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. "உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அயர்லாந்துக்கு 72 ஆட்டத்தில் 9 கோல். இவரைப் போய் ஏன் சார் இப்படித் தூக்கி வைக்கிறீர்கள்?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. நீ சொன்ன எண்கள் சரி. ஆனால் நடுக்கள வீரனை அந்த எண்களால் அளக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது? கைபேசியில் இருக்கும் அட்டவணைதானே? நீயே கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறவன். உன் வாயிலிருந்து இது வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லியாம் பிராடியைப் புரிந்துகொள்ள 1979 மே 12 அன்று வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆர்சனல் 3, மான்செஸ்டர் யுனைடெட் 2. கோல் அடித்தவர்கள் பட்டியலில் டால்பட், ஸ்டேபிள்டன், சண்டர்லாண்ட் இருக்கிறார்கள், பிராடி இல்லை. இப்போது ஒவ்வொரு கோலையும் பின்னோக்கிப் போய்ப் பார். முதல் கோலுக்கு முன்னால் நடுக்களத்தில் எதிராளிகளைக் கடந்து பந்தைக் கொண்டுபோனது பிராடி. அவர் நகர்த்திய பந்தைத்தான் பிரைஸ் உள்ளே இழுத்துக் கொடுத்தார். இரண்டாவது கோலில், இடது கால் மன்னன் என்று பேரெடுத்த அந்த மனிதர் வலப்பக்கம் ஆட்களை ஏமாற்றி, வலது காலால் தூக்கிக் கொடுத்தார். ஸ்டேபிள்டன் தலையால் முட்டினார். 86-ஆவது நிமிடம் வரை 2-0. பிறகு இரண்டே நிமிடத்தில் மக்வீனும் மகில்ராயும் சமன் செய்துவிட்டார்கள். எந்த அணியும் அங்கே மனமுடைந்து போகும். பிராடியின் காலுறைகள் கணுக்காலுக்குச் சரிந்து கிடக்கின்றன, ஆள் களைத்துப்போயிருக்கிறார். அந்த நிலையில் பந்தை வாங்கி யுனைடெட் பகுதிக்குள் ஓடுகிறார். மறுபடி நம் கோல் பக்கம் அவர்கள் வரக்கூடாது, அதற்காகத்தான் பந்தைத் தள்ளிக்கொண்டு போனேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓடி, ஆட்களைத் தன் பக்கம் இழுத்து, இடப்பக்கம் ரிக்ஸுக்குத் தட்டிவிட்டார். ரிக்ஸ் வீசிய பந்து கோல்கீப்பர் பெய்லியைத் தாண்டிப் போய் விழுந்த இடத்தில் சண்டர்லாண்ட் நின்றிருந்தார்.

மூன்று கோலுக்கும் வேர் ஒருவர். அதில் இரண்டுக்கு உன் அட்டவணை அவருக்கு ஒன்றுமே எழுதாது. நடுக்கள வீரனைக் கோலில் தேடாதே, கடைசி பாஸிலும் தேடாதே, அதற்கும் ஒரு பாஸ் முன்னால் தேடு. இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அந்த வருடம் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்கள் தங்களுக்குள் வாக்களித்துச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது பிராடியைத்தான். களத்தில் எதிரே நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஆட்டம் அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. டப்ளினில் 1956-இல் பிறந்தவர். அண்ணன்மாரும் கால்பந்து வீரர்கள். பள்ளியோ கேலிக் விளையாட்டுகளின் கோட்டை. பள்ளியின் கேலிக் ஆட்டத்தை விட்டுவிட்டு அயர்லாந்துப் பள்ளி மாணவர் அணிக்கு ஆடப் போனதற்காக அவரை வெளியே அனுப்பினார்கள். இது உனக்கு விசித்திரமாகத் தோன்றும். அயர்லாந்தில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினர்கள் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் ஆடுவதையும் பார்ப்பதையும் தடை செய்து வைத்திருந்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. டக்ளஸ் ஹைட் என்ற பெயரைக் குறித்துக்கொள். நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த அறிஞர், ஐரிஷ் மொழி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். 1938-இல் குடியரசுத் தலைவர் என்ற முறையில் போலந்துக்கு எதிரான கால்பந்தாட்டத்தைப் பார்க்கப் போனார். அதற்காகச் சங்கம் அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கியது. ஹைட் தொகுத்த பாடல்களைத் தேடிப் போனபோதுதான் இந்தச் செய்தி என் கண்ணில் பட்டது. அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தன் மொழிக்காக ஆயுளைக் கொடுத்தவரையே ஒரு ஆட்டம் பார்த்ததற்காக விலக்கிய ஊரில், பதினான்கு பதினைந்து வயதுப் பையன் எம்மாத்திரம்? 15 வயதில் பிராடி லண்டனுக்கு, ஆர்சனலுக்குப் போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் என் முழு வாதமும். 1966 உலகக் கோப்பையில் வடகொரியாவிடம் தோற்ற பிறகு இத்தாலியக் கழகங்கள் வெளிநாட்டு வீரர்களை எடுக்கக் கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். 1980-இல் அணிக்கு ஒருவர் என்று திறந்தார்கள். யுவென்டஸ் தனக்குக் கிடைத்த அந்த ஒரே இடத்தைப் பிராடிக்குக் கொடுத்தது. முதல் பருவத்திலேயே லீக் பட்டம். லீக்கில் அந்த அணிக்கு அதிக கோல் அடித்தவரும் அவரே, எட்டு கோல். அடுத்த பருவம் முடிகிற நேரத்தில் கழகம் பிளாட்டினியை வாங்கிவிட்டது. இனி இரண்டு வெளிநாட்டவர்தான் அனுமதி, இன்னொரு இடம் போலந்தின் போனியெக்குக்கு. பிராடிக்கு இடமில்லை. இது அவருக்குப் பருவம் முடிவதற்கு முன்பே தெரியும்.

கடைசி நாள், 1982 மே 16. யுவென்டஸும் ஃபியோரென்டினாவும் சமப் புள்ளி. ஃபியோரென்டினா கல்யாரியில் ஆடுகிறது, யுவென்டஸ் தெற்கே கட்டன்சாரோவில். இரண்டு இடத்திலும் கோல் இல்லை. 75-ஆவது நிமிடத்தில் ஃபான்னா அடித்த பந்து கட்டன்சாரோ வீரரின் கையில் பட்டது. பெனால்டி. அடிக்க வேண்டியவர் யார்? தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்ட கழகத்துக்காக, அந்தக் கழகத்தின் இருபதாவது பட்டத்துக்காக, பிராடி. பந்தை வைத்தார், கோல்கீப்பரை ஒரு பக்கம் சாயவிட்டு மறுபக்கம் அடித்தார். ஆட்டம் 1-0. கல்யாரியில் கோலே விழவில்லை. ஒரே ஒரு புள்ளியில் யுவென்டஸ் பட்டம் வென்றது. யுவென்டஸ் சட்டையின் இரண்டாவது நட்சத்திரம் அன்று வந்தது.

இதை நன்றாக யோசி. தவறவிட்டிருந்தால் யாரும் அவரைப் பெரிதாகக் குறை சொல்லியிருக்க முடியாது. வயிற்றெரிச்சல் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். காலை இழுத்துக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பிரஸ்ஸல்ஸில் வலென்சியாவுக்கு எதிரான ஐரோப்பிய இறுதியாட்டத்தில் இதே மனிதர் பெனால்டியைத் தவறவிட்டார், ஆர்சனல் கோப்பையை இழந்தது. அந்த நினைவும் கூடவே இருந்திருக்கும். நீ பிளாட்டினியைப் பற்றிப் பேசு, நான் மறுக்கவில்லை. அவர் வேறு மாதிரி மேதை. ஆனால் தொழில் தர்மம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் கட்டன்சாரோவைத்தான் காட்டுவேன்.

பிறகு சாம்ப்டோரியா, இன்டர், அஸ்கோலி, கடைசியில் லண்டனில் வெஸ்ட் ஹாம். அவற்றுக்குள் போகவில்லை.

உலகக் கோப்பை விஷயத்துக்கு வருகிறேன். 1982 தகுதிச்சுற்றில் பிரான்சும் அயர்லாந்தும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில் பிரான்ஸ் போயிற்று, அரையிறுதி வரை ஆடிற்று. அதே தகுதிச்சுற்றில் பெல்ஜியத்துக்கு எதிராகப் பிரஸ்ஸல்ஸில் ஸ்டேபிள்டன் அடித்த கோலை நடுவர் ஏற்காமல் போனதை டப்ளின்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. 1988 ஐரோப்பியக் கோப்பைக்கு அயர்லாந்து தகுதி பெற்றபோது, பல்கேரியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கியதற்கான தடை ஒரு பக்கம், முழங்கால் காயம் இன்னொரு பக்கம். 1989 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். அதோடு அயர்லாந்துக்கான ஆட்டம் போதும் என்று பிராடி அறிவித்தார். சார்ல்டன் நடுக்களத்தைத் தாண்டிப் பந்தை நீளமாக அடிக்கச் சொன்னவர். முடிவுகளை யாரும் மறுக்க முடியாது, 1990-இல் காலிறுதி வரை போனார்கள். ஆனால் நாட்டின் மிகச் சிறந்த வீரரை, சொந்த ரசிகர்கள் முன்னால், அரை ஆட்டம்கூட முடியுமுன் இறக்கிவிட்டது தவறு என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அந்த உலகக் கோப்பை நடந்தது, அவர் ஏழு வருடம் ஆடிய இத்தாலியில். ருமேனியாவை அயர்லாந்து பெனால்டியில் வென்றது ஜெனோவாவில், சாம்ப்டோரியாவுக்காக அவர் ஆடிய அதே மைதானத்தில். கடைசிப் பெனால்டியை அடித்தவர் ஆர்சனலில் அவரோடு ஆடிய டேவிட் ஓலியரி.

உலகக் கோப்பை ஆடாதது ஒரு வீரனின் தகுதியைக் காட்டுவதில்லை. சிறிய நாட்டில் பிறந்ததை, ஒரு நடுவரின் விசிலை, ஒரு பயிற்சியாளரின் பிடிவாதத்தை அது காட்டுகிறது.

நேரம் கிடைத்தால் ஈமன் டன்ஃபி எழுதிய 'ஒன்லி எ கேம்?' என்ற நாட்குறிப்பைப் படி. அவரும் டப்ளின்காரர், நடுக்கள வீரர். 1973-74 பருவத்தில் மில்வால் அணியில் இடம் கிடைக்குமா, போகுமா என்று தவித்ததை அப்படியே எழுதியிருக்கிறார். புகழ் இல்லாத வீரனின் வாரநாட்கள் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொன்ன முதல் புத்தகம் அது. பிராடியின் 2023 தன்வரலாற்றை அதற்குப் பிறகு படித்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

ஆட்டத்தை விட்ட பிறகு பிராடி 1996-இல் ஆர்சனலின் இளையோர் அணிகளுக்குப் பொறுப்பேற்று ஏறக்குறைய 18 வருடம் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் இளையோர் எஃப்.ஏ. கோப்பையை ஆர்சனல் மூன்று முறை வென்றது. ஜாக் வில்ஷியர் அங்கே வளர்ந்தவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 1979 இறுதியாட்டத்தைப் பார். ஹைலைட்ஸ் வேண்டாம், முதல் பாதியையாவது முழுசாகப் பார். பந்து எங்கே போனாலும் உன் கண் பிராடி மேல் இருக்கட்டும். பந்து அவரிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், பந்து வருமுன் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வா. அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்