உப்பளத்தில் வீண்செலவு குறைத்தல்: சில கணக்குகள்

விழுப்புரம் ஜில்லாவில், பக்கிங்காம் கால்வாயும் கழுவெளி ஏரியும் அடுத்துக் கிடக்கும் மரக்காணத்தில் உப்பு விளைவிப்பது ஏறக்குறையப் பயிர்த்தொழிலே. வரப்புண்டு, பாத்தியுண்டு, பருவமுண்டு. தை மாதத்தில் பாத்திகளைச் செப்பனிட்டு நீர் பாய்ச்சினால் புரட்டாசி வரையில் உப்பு வாரலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். கூலியும் வண்டிச்சத்தமும் ஏறிய இந்நாளில், அளத்துக்காரருக்கு மிஞ்சுவது சொற்பமே. அந்தச் சொற்பமும் எங்கே கரைகிறதென்று கண்டுகொள்ள, மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் பிறந்த ஒரு முறை உதவுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின், முதலும் இடமும் சுருங்கியிருந்த ஜப்பானில், டொயோட்டா கம்பெனியைச் சேர்ந்த தாயிச்சி ஓனோ என்பவர், வாங்குவோனுக்குப் பயன்படாத வேலையெல்லாம் வீண் என்று கொண்டு, அவ்வீண்களை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மிஞ்சி விளைவித்தல், காத்திருத்தல், சுமந்து திரிதல், சரக்கைத் தேக்குதல், பழுது முதலியன அவற்றுள் அடங்கும். 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்னும் அமெரிக்கர் இம்முறைக்கு ‘லீன்’, அதாவது ஊளைச்சதையற்ற உற்பத்தி, என்று பெயரிட்டார். ஏழையும் இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. உப்பளத்தில் பெருநஷ்டம் தருபவை சிலவே.

முதலாவது, பாத்திகளின் பங்கீடு. உப்பு அதிகம் வேண்டுமென்று, நீர் முற்றுகின்ற பாத்திகளில் சிலவற்றை உப்பு விளையும் பாத்திகளாக மாற்றுகிறவர் உண்டு. இதனால் மகசூல் கூடுவதற்குப் பதிலாகக் குறையக்கூடும். உசிலியோ என்னும் ரசாயன அறிஞர் 1849-இல் மத்தியதரைக் கடல் நீரைக் காய்ச்சி அளந்தார். போமே மானியில் மூன்றரை டிகிரி காட்டும் கடல்நீர் 1000 லிட்டர், பதினொன்றரை டிகிரிக்கு வரும்போது 316 லிட்டராகச் சுருங்கும்; உப்புப் படியத் தொடங்கும் 26 டிகிரியளவில் 95 லிட்டரே நிற்கும்; இருபத்தெட்டரை டிகிரியில் 39 லிட்டர். ஆகவே முற்றும் பாத்திகளில் 905 லிட்டர் ஆவியாக வேண்டும். விளையும் பாத்தியில் ஆவியாவதோ 56 லிட்டர்தான். ஒன்றுக்குப் பதினாறு என்பது விகிதம். கிணற்று உவர்நீர் ஆரம்பத்திலேயே பதினொன்றரை டிகிரி காட்டுமாயின், ஆவியாக வேண்டுவது 316-இல் 95 போக 221 லிட்டர். விகிதம் ஒன்றுக்கு நான்காகிவிடும். கெட்டிநீர் மெதுவாகவே ஆவியாகுமாதலின், நிலப்பரப்பின் விகிதம் இவ்வளவு தூரம் போகாது. என்றாலும், பக்கத்து அளத்தைப் பார்த்துப் பாத்தி பிரிப்பது தவறென்பது இதனால் விளங்கும். ஒவ்வொருவரும் தம் கிணற்று நீரின் டிகிரியைப் பார்த்தே பிரித்தல் வேண்டும். முற்றிய நீர் வந்து சேரும் வேகத்திற்கு மேல் உப்பு விளையாது. விளையும் பாத்தியை எத்தனை பெருக்கினாலும் அது நீருக்குக் காத்துக் கிடக்கும்.

இரண்டாவது, சுமை. மாதத்தில் 24 வேலை நாட்களில் வியாபாரி 120 டன் எடுக்கிறாரென்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 டன். காலை 5 மணி முதல் 10 மணி வரையில் 300 நிமிஷம் வேலை. கூடைக்கு 25 கிலோவாக 5 டன்னுக்கு 200 கூடை. ஆகவே ஒன்றரை நிமிஷத்திற்கு ஒரு கூடை மேட்டிற்கு வந்து சேர வேண்டும். தேவையின் வேகத்தைக் காட்டும் இக்கணக்கை டொயோட்டாவில் ‘டாக்ட்’ என்பார்கள். உப்பு மேடு 100 மீட்டர் தூரத்திலிருந்தால், நிரப்பவும் கொட்டவும் 3 நிமிஷம், போய்வர 3 நிமிஷம், ஆக 6 நிமிஷம். ஆறை ஒன்றரையால் வகுத்தால் 4 ஆட்கள். மேட்டை 50 மீட்டர் தூரத்திற்குக் கொண்டுவந்தால் நாலரை நிமிஷம். 3 ஆட்கள் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நான்காவது பெண்ணை நிறுத்திவிடுவதே இலாபமென்று சிலர் அவசரப்படுவர். கணக்கை இன்னும் ஒரு படி பார்க்க வேண்டும். மேடு 100 மீட்டரிலிருக்கும்போது 200 கூடைக்கு நடை 40 கிலோமீட்டர். நால்வருக்கும் தலைக்குப் பத்து, அதிற் பாதி தலைச்சுமையோடு, வெறுங்காலில், உப்பு வரப்பின்மேல். மேடு கிட்ட வந்தபின் நால்வரையும் வைத்துக்கொண்டால் தலைக்கு 5 கிலோமீட்டர்தான். வேலையும் 225 நிமிஷத்தில், அதாவது எட்டே முக்காலுக்கே, முடிந்துவிடும். வெயில் ஏறுமுன் கரையேறியவர்கள் மறுநாளும் வேலைக்கு வருவார்கள். கோடையில் ஆள் அகப்படாத கஷ்டத்தை அறிந்த எவரும் இதைச் சிறிதாக எண்ணார். கூலியில் பிடிப்பதற்கு இம்முறையைக் கருவியாக்குவது, முறையையே அறியாமையாகும். உழைப்பவரை மதித்தல் அம்முறையின் தூண்களில் ஒன்றென டொயோட்டாக்காரர்களே எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது, தேங்கும் அம்பாரம். 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த விதி ஒன்றுண்டு: இருப்பை அன்றாடப் போக்கால் வகுத்தால், சரக்கு சராசரியாய்த் தங்கும் நாள் கிடைக்கும். மேட்டில் 150 டன் கிடந்து நாளொன்றுக்கு 5 டன் போகுமாயின், இன்று வாரிய உப்பு 30 நாள் வானத்தின்கீழ் கிடக்கும். இருப்பு 40 டன்னானால் 8 நாள். சித்திரை, வைகாசியில் கோடைமழை ஓரிரவு பெய்தாலும், மூடாத மேட்டிலிருந்து உப்பு கரைந்து வழியும். வாரிய கூலி, சுமந்த கூலி எல்லாம் அதனோடு போகும்.

ஆயினும் இருப்பே கூடாதென்பது உப்பளத்திற்குப் பொருந்தாது. ஐப்பசி முதல் தை வரையில் புது உப்பு வராது. மாதம் 120 டன் வீதம் நான்கு மாதத்திற்கு 480 டன் கையிலிருக்க வேண்டும். 2011-ஆம் வருஷத்து நிலநடுக்கத்திற்குப் பின் டொயோட்டாவே சில உறுப்புகளைச் சேமித்துவைக்கத் தொடங்கிற்று. இந்த 480 டன்னை உயர்ந்த மேட்டில், அடியில் கரை கட்டி, கீற்றோ தார்ப்பாயோ இறுக மூடி, தனியே நிறுத்துதல் வேண்டும். அன்றாடம் போகும் மேட்டோடு கலக்கலாகாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரியருகில் கரை கடந்த ஃபெங்கல் புயலில் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை இவ்வூரார் மறந்திரார்.

பழுதைப் பற்றியும் ஒரு சொல். டொயோட்டாவின் மூலபுருஷரான சாகிச்சி டொயோடா 1924-இல் முற்றுவித்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். கெட்ட துணி நெய்யப்படுவதில்லை. அளத்தில் அந்த வேலையைச் செய்வது போமே மானி. தினமும் காலையில் பாத்தி நீரை அளந்து, 29 டிகிரி தாண்டும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து, சரக்கு கசந்து, எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும்.

அளத்திற்கொரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, டிகிரி, வாரிய டன், ஏற்றிய டன், மேட்டின் இருப்பு இவற்றை எழுதிவருதல் சிலாக்கியம். புயலுக்குப் பின் சேதம் பார்க்கவரும் கிராம நிர்வாக அலுவலருக்கும் வாய்ச்சொல்லைவிட அது பிரயோஜனப்படும். பாத்திப் பங்கீட்டையும் மேடு அமையும் இடத்தையும் தை மாதத்தில், வரப்பு கட்டும்போதே தீர்மானித்துவிட வேண்டும். நீர் ஏற்றியபின் அவற்றை மாற்றுவது பருவம் முழுதும் இயலாது.